இழைப்புளி, வஜ்ஜிரம், வயலின்: திறக்கத் தெரிந்த ஒட்டு

ஸ்ட்ராடிவாரி வயலினைப் பற்றிப் பேச்சு வந்தாலே வார்னிஷில்தான் ஆரம்பிப்பார்கள். அதில் என்ன கலந்தார், மரத்தை எதில் ஊறவைத்தார், இத்யாதி இத்யாதி. 2011ல் 'லேடி பிளன்ட்' என்கிற 1721ம் வருஷத்து வயலின் ஏறத்தாழ 1.6 கோடி அமெரிக்க டாலருக்கு ஏலம் போயிருக்கிறது. இவ்வளவு விலை போகும்போது ரகசியம் தேடாமல் இருப்பார்களா?

இந்தப் பதிவு வார்னிஷ் பற்றியது இல்லை மக்களே. அதைவிடக் கொஞ்சம் நாற்றமடிக்கிற சமாச்சாரம். மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை. நம்ம ஊர் ஆசாரிகள் வஜ்ஜிரம் என்பார்களே, அதேதான். (வஞ்சிரம் மீன் வேற டிபார்ட்மென்ட் :-)) கூடவே இழைப்புளி. ரகசியம் ஒன்றும் கிடையாது. ஆனால் வயலின் முன்னூறு வருஷம் தாக்குப்பிடித்ததற்கு வார்னிஷைவிட இந்த ரெண்டும்தான் காரணம் என்பது என் கட்சி.

முதலில் ஒரு கேள்வி. இன்றைக்கு மேடையில் வாசிக்கப்படும் ஸ்ட்ராடிவாரியஸ், ஸ்ட்ராடிவாரி செய்து கொடுத்த அதே வயலின்தானா?

பெட்டியும் தலைச்சுருளும் அவருடையது. கழுத்து வேற ஆள் செய்தது. விரல் வைக்கிற பலகை வேற. தந்திகளைத் தாங்கும் குதிரை வேற. மேல் பலகைக்கு உள்பக்கம் நீளவாக்கில் ஒரு கட்டை ஒட்டியிருப்பார்கள், பேஸ் பார் என்று பேர். அதுவும் வேற. மிஞ்சியிருக்கிற அவருடைய வயலின்களில் கிட்டத்தட்ட எல்லாமே இப்படித்தான். அதாவது உலகத்திலேயே விலை உயர்ந்த வயலின்கள் எல்லாம் ஒரு தடவையாவது வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்யப்பட்டவை.

மேல் பலகையின் கனம் மூன்று மில்லிமீட்டர் அளவுதான். அதைச் சேதமில்லாமல் எப்படித் திறந்தார்கள்? திறந்ததை எப்படித் திரும்ப மூடினார்கள்? ஒரு தடவை இல்லை, இரண்டு நூற்றாண்டாகப் பல தடவை.

விடை ஒட்டில் இருக்கிறது. ஒரு வயலினுக்குள் ரெண்டு ஜாதி ஒட்டு உண்டு. எந்தக் காலத்திலும் விடக்கூடாத ஒட்டு ஒன்று. தேவைப்படும்போது விட்டே ஆகவேண்டிய ஒட்டு இன்னொன்று. ரெண்டுக்கும் ஒரே சட்டி, ஒரே வஜ்ஜிரம். எங்கே எதைப் போடணும் என்பதில்தான் தொழில் இருக்கிறது.

கிரெமோனா, சுருக்கமாக

இத்தாலியின் வடக்கே கிரெமோனா என்று ஒரு சின்ன ஊர். 16ம் நூற்றாண்டின் நடுவில் அங்கே ஆண்ட்ரியா அமாட்டி செய்த வயலினின் வடிவம்தான், சின்னச் சின்ன மாற்றங்களோடு, இன்றைக்கும் வயலின். பிறகு அவருடைய பிள்ளைகள், பேரன் நிக்கோலோ என்று குடும்பத் தொழிலாகவே போனது. 1630ல் வந்த கொள்ளைநோயில் நிக்கோலோவின் அப்பா ஜிரோலாமோ இறந்துபோனார். தொழில் தெரிந்த ஆள் கிரெமோனாவில் அநேகமாக நிக்கோலோ ஒருவர்தான் மிச்சம். ஒரு குடும்பத்தின் கைத்திறன் ஒரே ஒரு ஆளின் கையில் தொங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

அதன் பிறகு அவர் செய்த காரியம் பெரிசு. வெளி ஆட்களைச் சீடர்களாகச் சேர்த்துக்கொண்டார். ஆண்ட்ரியா குவார்னேரி அவர் வீட்டிலேயே தங்கிக் கற்றவர். அந்த ஆண்ட்ரியாவின் பேரன்தான் ஸ்ட்ராடிவாரிக்குச் சமமாகப் பேசப்படும் குவார்னேரி டெல் ஜேசு (1698-1744). அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி 1644 வாக்கில் பிறந்து 1737ல் இறந்தார். தொண்ணூறு வயது தாண்டியும் பட்டறையில் வேலை பார்த்த மனுஷன். ஆயிரத்துக்கும் மேல் வாத்தியங்கள் செய்ததாகக் கணக்கு. ஏறத்தாழ 650 இன்றும் இருக்கின்றன.

இவர்கள் பட்டறையில் எப்படி வேலை செய்தார்கள் என்பது ஓரளவுக்காவது தெரிவதற்கு இன்னொருவருக்கு நன்றி சொல்லணும். கோஸியோ டி சலாபுவே என்கிற பிரபு. 1770களில் ஸ்ட்ராடிவாரியின் மகன் பாவ்லோவிடமிருந்து பட்டறையில் மிஞ்சியிருந்த அச்சுக்கட்டைகள், வரைபடங்கள், கருவிகள் எல்லாவற்றையும் விலைக்கு வாங்கினார். பாவ்லோவோ துணி வியாபாரி, அவருக்கு அவை பழைய சாமான். 1920ல் ஜியூசெப்பே ஃபியோரினி என்கிற வயலின் தச்சர் அவற்றை வாங்கி, 1930ல் கிரெமோனா ஊருக்கே தானமாகக் கொடுத்துவிட்டார். 2013ல் திறந்த அந்த ஊர் வயலின் அருங்காட்சியகத்தில் அவற்றை இப்போது பார்க்கலாம்.

முதல் வேலை: இழைப்புளி

சரி, பட்டறைக்குள் போவோம். வயலினின் மேல் பலகை ஸ்ப்ரூஸ் மரம். குளிர்மலைகளில் மெதுவாக வளரும் ஊசியிலை மரம். அடிமரத்தை ஆரஞ்சு சுளை பிரிக்கிற மாதிரி நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பிளப்பார்கள். ஒரு சுளையை மறுபடி ரெண்டாக அறுத்து, புத்தகம் விரிக்கிற மாதிரி விரித்தால் இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பம் போல் வரும். சுளையின் தடித்த ஓரங்கள் ரெண்டும் நடுவில் சந்திக்கும். அந்தச் சந்திப்புதான் நடு ஒட்டு. எந்தக் காலத்திலும் விடக்கூடாத ஒட்டு இதுதான்.

இதில் ஒரு வம்பு இருக்கிறது. ஒட்டும்போது அந்த ஓரம் ஒன்றரை, ரெண்டு சென்டிமீட்டர் தடிமன். அதன் பிறகு வெளியே வளைவாகச் செதுக்கி, உள்ளேயும் குடைந்து எடுத்தால் கடைசியில் நிற்பது மூன்று மில்லிமீட்டர். அது தடிமனின் எந்த ஆழத்தில் நிற்கும் என்பது இடத்துக்கு இடம் மாறும். நடுவில் மேட்டுக்குள், ஓரத்தில் அடியில். ஆகவே வெளியே மட்டும் அழகாகச் சேர்ந்து உள்ளே இடைவெளி இருந்தால், ரெண்டு வாரம் கழித்துக் குடையும்போது அந்த இடைவெளி பல்லைக் காட்டும். மேலேயிருந்து கீழே வரை, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, ஒரு இடம் விடாமல் சேர்ந்திருக்கணும்.

அதைச் செய்வது பசை இல்லை, இழைப்புளி. பொம்பேயில் கிடைத்த ரோமானிய இழைப்புளிகளைப் பார்த்தால் நம்ம பக்கத்துத் தெரு ஆசாரிக்கே சட்டென்று அடையாளம் தெரியும். ரெண்டாயிரம் வருஷத்தில் அடிப்படை மாறவில்லை: ஒரு கட்டை, அதில் சாய்வாக ஒரு தகடு, அதை இறுக்க ஒரு ஆப்பு. ஸ்ட்ராடிவாரி காலத்திலும் மரக்கட்டைதான். இன்றைக்குப் பலர் கையில் இருக்கும் இரும்பு இழைப்புளி 19ம் நூற்றாண்டு அமெரிக்க சரக்கு. லெனர்ட் பெய்லி என்பவர் வடிவமைத்து, 1869ல் ஸ்டான்லி கம்பெனி அவருடைய காப்புரிமைகளை வாங்கி உலகம் பூராவும் விற்றது.

கடையிலிருந்து வந்த இழைப்புளியை அப்படியே வைத்து நடு ஒட்டு போட முடியாது. முதலில் அடிப்பரப்பு. முன் முனை, தகடு எட்டிப் பார்க்கும் வாயின் ஓரம், பின் முனை: இந்த மூன்றும் ஒரே தளத்தில் இருக்கணும். தடித்த கண்ணாடி மேல் உப்புத்தாளை ஒட்டி, அடிப்பரப்பில் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு கிறுக்கி, தேய்ப்பார்கள். கோடு அழிந்த இடம் மேடு, அழியாத இடம் பள்ளம். எல்லாக் கோடும் ஒன்றாக அழிகிற வரை தேய்க்கணும். தேய்க்கும்போது தகட்டை உள்ளே இறுக்கியே வைத்திருக்கணும், முனையை மட்டும் மேலே இழுத்துக்கொண்டு. ஏனென்றால் தகட்டை இறுக்கினால் இரும்பு உடம்பே கொஞ்சம் வளையும். வேலை செய்கிற நிலையில் சமமாக இருந்தால்தான் பிரயோஜனம். மரக்கட்டை இழைப்புளிக்கு இன்னொரு தலைவலி. மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். அதனால் இழைப்புளியையே இன்னொரு இழைப்புளியால் அவ்வப்போது இழைக்கணும்.

அடுத்து தகடு. கூர்மை என்பது ரெண்டு பரப்பு சந்திக்கிற கோடு. சாய்வான பக்கத்தை மட்டும் தீட்டிவிட்டு முதுகைச் சும்மா விட்டால் ஒரு பரப்பு மட்டும்தான் ஒழுங்கு. அதனால் முதுகின் முனைப் பகுதியைக் கண்ணாடி மாதிரி பளபளக்கும் வரை சமமாக்கி, பிறகு சாய்வைத் தீட்டி, கடைசியில் மெல்லிய தீட்டுக்கல்லில் முடிப்பார்கள். கை முடியை மழித்தால் ஓகே. சாதாரண வேலைக்குத் தகட்டின் முனையை லேசாக வளைத்துத் தீட்டுவது வழக்கம், ஓரம் மரத்தில் கோடு போடாமல் இருக்க. ஒட்டு வேலைக்குப் பலர் நேராகவே தீட்டுகிறார்கள்.

நீளமும் முக்கியம். வயலின் பெட்டி சுமார் 355 மில்லிமீட்டர், அதாவது 14 அங்குலம். அதை நேராக்க 22 அங்குல இழைப்புளியை எடுக்கிறார்கள். குட்டை இழைப்புளி பள்ளம் வந்தால் பள்ளத்தில் இறங்கும், மேடு வந்தால் மேட்டில் ஏறும். நெட்டை இழைப்புளி மேடுகளின் மேல் பாலம் போட்டு நின்று, மேட்டை மட்டும் சீவும். முதலில் துண்டு துண்டாகச் சுருள் வரும். சீவச் சீவ, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அறுபடாத ஒரே சுருள் வரும். தலைமுடியில் பாதிக் கனம்கூட இருக்காது. அந்த ஒற்றைச் சுருள்தான் சர்ட்டிபிகேட்.

பிறகு பரீட்சை. ஒரு துண்டின் மேல் இன்னொன்றை நிறுத்தி ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார்கள். கீற்று வெளிச்சம் தெரிந்தால் ஃபெயில். மேல் துண்டைப் பக்கவாட்டில் லேசாகத் திருப்புவார்கள். நடுவில் ஊன்றி ராட்டினம் மாதிரி சுற்றினால் நடுவில் மேடு, ஃபெயில். முனைகளில் உரசிக்கொண்டு நகர்ந்தால் பாஸ். அப்புறம் உடனே ஒட்டிவிடணும். இழைப்புளி புதுசாக வெட்டிய பரப்பில் பசை நன்றாகப் பிடிக்கும். உப்புத்தாள் தேய்த்தால் நார்கள் நசுங்கும், ஓரமும் மழுங்கும்.

வஜ்ஜிரம்

எகிப்தில் தீப்ஸ் நகரத்தில் ரெக்மிரே என்கிற மந்திரியின் கல்லறை இருக்கிறது. கி.மு. 15ம் நூற்றாண்டு. அதன் சுவர் ஓவியத்தில் தச்சர்கள் வேலை செய்கிறார்கள். ஒரு பக்கம் அடுப்பில் பசைச் சட்டி, ஒரு ஆள் கையில் பிரஷ். மூவாயிரத்து சொச்சம் வருஷத்துக்கு அப்புறம் ஸ்ட்ராடிவாரி பட்டறையிலும் காட்சி அதிகம் மாறியிருக்காது.

வஜ்ஜிரம் என்பது என்ன? ஆட்டுக்கால் பாயா மிச்சத்தை பிரிட்ஜில் வைத்துக் காலையில் பார்த்தால் அல்வா மாதிரி ஆடும் இல்லையா, அதுதான் :-) தோல், எலும்பு, நரம்பில் இருக்கும் கொலாஜன் என்கிற புரதம் மூன்று இழை முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும். தண்ணீரில் சூடாக்கினால் முறுக்குப் பிரிந்து கரையும். ஆறினால் திரும்பவும் ஆங்காங்கே முறுக்கிக்கொண்டு வலையாகி உறையும். காய்ந்தால் சுருங்கி, ரெண்டு மரத்தையும் தன் பக்கம் இழுக்கும். மறுபடி சூடும் ஈரமும் பட்டால் இளகும். இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பதிவே அதில்தான் நிற்கிறது.

தயாரிப்பு சமையல் மாதிரிதான். உலர்ந்த பசைக் குருணையை எடைக்கு ஒன்றரை, ரெண்டு மடங்கு குளிர்ந்த தண்ணீரில் ஊறவைக்கணும். ஜவ்வரிசி மாதிரி ஊதும். பிறகு நேரடித் தீயில் வைக்காமல், சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் சட்டியை வைத்துச் சூடாக்கணும். 60 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டாரம் போதும். கொதிக்கவிட்டால் நீளமான புரத இழைகள் அறுந்து பசை பலம் இழக்கும். திரும்பத் திரும்பச் சூடாக்கினாலும் அதே கதி. அதனால் நடு ஒட்டுக்கு அன்றைக்கே காய்ச்சிய புதுப் பசைதான். பிரஷைத் தூக்கினால் சொட்டுச் சொட்டாக விழக்கூடாது, கட்டியாக நிற்கவும் கூடாது. மெல்லிய பாகு மாதிரி ஒரே ஒழுக்காக இறங்கணும்.

எவ்வளவு கெட்டியாக உறைகிறது என்பதை அளக்க 1925ல் ஆஸ்கர் ப்ளூம் என்பவர் ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு குறிப்பிட்ட கட்டையை உறைந்த பசைக்குள் 4 மில்லிமீட்டர் அமுக்க எத்தனை கிராம் எடை வேண்டும் என்பதுதான் கணக்கு. இன்றைக்கும் இந்த கிராம் கணக்கில்தான் பசை விற்கிறார்கள். மேசை நாற்காலி வேலைக்கு 192 கிராம் பொதுவானது, வாத்தியக்காரர்கள் அதையும் அதற்கு மேல் 251 கிராமையும் பயன்படுத்துகிறார்கள். நம்பர் ஏற ஏற சீக்கிரம் உறையும், அவசரப்படணும்.

அவசரம் என்றால் நிஜமாகவே அவசரம். பசை ஆற ஆரம்பித்தால் ஒரு நிமிஷம்கூடக் கிடைக்காது. அதனால் மரத்தையும் முன்கூட்டியே வெதுவெதுப்பாக்கி வைப்பார்கள். ரெண்டு ஓரத்திலும் பசை தடவி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, அழுத்தியபடி முன்னும் பின்னும் நாலைந்து தடவை தேய்ப்பார்கள். உபரிப் பசை பிதுங்கி வெளியே வரும். தேய்க்கத் தேய்க்க இழுவை கூடும். திடீரென்று கவ்விப் பிடிக்கும். பிடிக்கிற நொடியில் சரியான இடத்தில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிடணும். கிளாம்ப் வேண்டாம். மீதியைப் பசையின் சுருக்கம் பார்த்துக்கொள்ளும்.

இப்படிச் செய்த ஒட்டை உடைத்துப் பார்த்தால் பக்கத்து மரம்தான் உடையும், ஒட்டு உடையாது. ஆனால் இழைப்பில் சந்து இருந்தால் வஜ்ஜிரம் அதை நிரப்பாது. காயும்போது சுருங்கி, சந்துக்குள் விரிசல் விடும். பசை என்பது ஓட்டை அடைக்கிற சாமான் இல்லை. இழைப்புளி சரியாகச் செய்த வேலைக்கு வஜ்ஜிரம் போடும் கையெழுத்து, அவ்வளவுதான்.

விடவேண்டிய ஒட்டு

இப்போது அதே சட்டியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவோம்.

கிரெமோனா முறையில் வயலினை ஒரு உள் அச்சைச் சுற்றிக் கட்டுவார்கள். அச்சின் பள்ளங்களில் ஆறு சின்னக் கட்டைகள் உட்காரும், ஸ்ட்ராடிவாரி வில்லோ மரம் போடுவார். அந்தக் கட்டைகளை அச்சோடு ஒரு சொட்டுப் பசையால் மட்டும் ஒட்டுவார்கள். சூட்டில் வளைத்த மெல்லிய மேப்பிள் பட்டைகளைக் கட்டைகளோடு நன்றாக ஒட்டி, சட்டம் முழுதாகத் தயாரானதும், ஒரு தட்டுத் தட்டினால் அந்த ஒரு சொட்டு விட்டுவிடும். அச்சு வெளியே வந்துவிடும், அடுத்த வயலினுக்குப் போகும். எந்த ஒட்டு நிற்கணும், எந்த ஒட்டு விடணும் என்ற கணக்கு முதல் நாளிலேயே ஆரம்பித்துவிடுகிறது பாருங்கள்.

கடைசியில் மேல் பலகையைச் சட்டத்தின் மேல் மூடும்போதும் தண்ணீர் விட்ட பசைதான். ஏன்? மரம் உயிரில்லாவிட்டாலும் அசையும். காற்று உலர்ந்தால் மேல் பலகை அகலவாக்கில் சுருங்கும். சுற்றுப் பட்டைகளோ நீளவாக்கில் நார் ஓடுகிற மரம், அந்தப் பக்கம் அவ்வளவாகச் சுருங்காது. ஒருவர் சுருங்க நினைக்கிறார், இன்னொருவர் விடமாட்டேன் என்கிறார். போதாக்குறைக்கு நாலு தந்திகளும் சேர்ந்து இருபது கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. ஏதாவது ஒன்று விட்டே ஆகணும். ஓர ஒட்டு பலவீனமாக இருந்தால் அது விடும். பலமாக இருந்தால் முன்னூறு வருஷத்து ஸ்ப்ரூஸ் பலகை வெடிக்கும்.

ஓரம் விட்டால் அரைமணி வேலை, கொஞ்சம் புதுப் பசை. பலகை வெடித்தால் பெரிய வைத்தியம். நம்ம வீட்டு ஃப்யூஸ் கம்பி மாதிரிதான். தான் போய் மற்றதைக் காப்பாற்றும்.

ஆணி பிடுங்கிய காலம்

18ம் நூற்றாண்டின் கடைசியில் சங்கீதம் அரண்மனை அறையிலிருந்து பெரிய மண்டபங்களுக்கு நகர்ந்தது. சுருதி ஏறிக்கொண்டே போனது. 1780களில் பாரிஸில் டூர்ட் புது மாதிரி வில்லைச் செய்தார். பழைய வயலினின் கழுத்து கொஞ்சம் குட்டை, பெட்டியோடு கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் நிற்கும். அது போதவில்லை. நீளமாக, பின்னால் சாய்ந்த கழுத்து வேண்டும். கூடுதல் அழுத்தம் தாங்க உள்ளே பெரிய பேஸ் பார் வேண்டும்.

பழைய கழுத்து எப்படி நின்றது தெரியுமா? பசை போட்டு, பெட்டிக்கு உள்ளேயிருந்து மேல்கட்டை வழியாக ஆணி அடித்து. மூடுவதற்கு முன்பே அடித்த ஆணி. ஆகவே கழுத்தை மாற்றணும் என்றால் மேல் பலகையைத் திறந்து ஆணி பிடுங்கணும். (நாம ஆபீஸில் பிடுங்குற ஆணி இல்லை, நிஜ ஆணி.)

முனை மழுங்கிய மெல்லிய கத்தியை ஓர ஒட்டில் நுழைத்து மெதுவாக நகர்த்தினால் காய்ந்த வஜ்ஜிரம் டக் டக்கென்று விட்டுக்கொண்டே போகும். பிடிவாதமான இடத்தில் ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டால், அது பசையின் ஈரத்தை உறிஞ்சி இன்னும் நொறுங்க வைக்கும். பலகையைத் தூக்கி, ஆணியை எடுத்து, பழைய பேஸ் பாரைச் சீவி எடுத்துப் புதுசு ஒட்டி, ஸ்ட்ராடிவாரி செதுக்கிய தலைச்சுருளைப் பழைய கழுத்திலிருந்து அறுத்துப் புதுக் கழுத்தில் பதித்து, எல்லாவற்றையும் திரும்ப மூடினார்கள். அதே வஜ்ஜிரம். புது வஜ்ஜிரம் பழைய மிச்சத்தைக் கரைத்து அதோடு கலந்துகொள்ளும், பழைய ஒட்டு தடையாக இருக்காது.

முப்பது, நாற்பது வருஷத்துக்குள் ஐரோப்பா முழுக்க இந்த ஆபரேஷன் நடந்திருக்கிறது. தப்பித்தவை ரொம்பக் குறைவு. 1690ல் மெடிசி குடும்பத்துக்காக ஸ்ட்ராடிவாரி செய்த பெரிய வயோலா ஒன்று அசல் கழுத்தோடு ஃபிளாரன்ஸில் இருக்கிறது.

யோசித்தால், திறக்க முடியாமல் ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1800ல் அந்த வயலின்கள் வழக்கொழிந்து போயிருக்கும். பரணில் போட்டிருப்பார்கள். தனக்குத் தெரியாத சங்கீதத்துக்கு, பார்க்காத மண்டபத்துக்கு, அவர் செய்த பெட்டி தயாராக இருந்தது. அவர் தீர்க்கதரிசி என்று நான் சொல்லவரவில்லை. பழுது பார்க்க வழி வைத்த பொருளுக்கு, செய்தவர் நினைத்தே பார்க்காத எதிர்காலமும் கிடைக்கிறது.

அதே காலகட்டத்தில்தான் வயலின் நம்ம ஊருக்கும் வருகிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், 1786ல் பிறந்தவர், சென்னையில் ஐரோப்பிய வயலின் கற்று அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். அங்கே கழுத்து மாற்றினார்கள். இங்கே கழுத்தை விட்டுவிட்டு சுருதி சேர்ப்பதையும் உட்காரும் விதத்தையும் மாற்றிக்கொண்டார்கள் :-)

வெள்ளைப் பசை வந்த பின்

20ம் நூற்றாண்டில் செயற்கைப் பசை வந்தது. இந்தியாவில் 1959ல் ஃபெவிகால். ஆசாரிகளுக்கு அது வரப்பிரசாதம் என்பதில் சந்தேகமே இல்லை. காய்ச்ச வேண்டாம், நாற்றம் இல்லை, நிதானமாக ஒட்டலாம். கட்டிலுக்கும் அலமாரிக்கும் அதுவே சரி. வஜ்ஜிரம் மூட்டையைக் கட்டியது நியாயம்தான்.

ஆனால் வயலினுக்கு? நண்பர் ஒருவரின் வயலினில் மழைக்காலத்தில் ஓரம் கொஞ்சம் விட்டது. ஒரு கடையில் கொடுத்தார். நல்லா ஸ்ட்ராங்கா ஒட்டிட்டோம் சார், இனிமே விடவே விடாது என்று சொல்லி வெள்ளைப் பசை போட்டுக் கொடுத்தார்கள். சொன்ன மாதிரியே ஓரம் விடவில்லை. அடுத்த வருஷம் ஏசி அறையில் இருந்த வயலினில், ஓரத்துக்கு ரெண்டு விரல்கடை தள்ளி மேல் பலகையே நெடுக விரிந்தது. சரிசெய்யத் திறக்கலாம் என்றால் திறக்க வரவில்லை. கடைசியில் ஓரத்து மரத்தையும் சேர்த்துப் பிய்த்துத்தான் திறந்தார்கள். வெள்ளைப் பசை மிச்சத்தின் மேல் எதுவும் ஒட்டாது, அதனால் மரத்தையே சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. அது அவருடைய தாத்தா வயலின். அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

கடைக்காரர் கெட்டவர் இல்லை. ஒட்டு என்றால் பலமாக இருக்கணும் என்று நினைத்தார், அவ்வளவுதான். நம்மில் யார் அப்படி நினைக்கவில்லை?

வஜ்ஜிரத்துக்கும் பலவீனம் உண்டு. வெயிலில் மூடிய காருக்குள் வயலினை விட்டால் ஒட்டு இளகிக் கழுத்தே சாய்ந்துவிடும். அதனால் அதை அங்கே விடாதீர்கள். ஆனால் அந்தப் பலவீனமும், முன்னூறு வருஷம் அதைத் திறந்து மூட வழி செய்த குணமும் ஒன்றேதான். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

பொட்டி தட்டுகிறவன் என்பதால் இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் தொழில் ஞாபகம் வரும். எழுதுகிற புரோகிராமில் எந்த இணைப்பு இறுகணும், எது நாளைக்கு வேறொருத்தன் வந்து பிரிக்கிற மாதிரி இருக்கணும் என்பதை யோசிக்காமல் எல்லாவற்றையும் ஸ்ட்ராங்காக ஒட்டித் தள்ளுகிறோம். பேட்டரியைக் கழற்ற முடியாத போன் பையில் இருக்கிறது. மூடியைத் திறந்தாலே உடைகிற மிக்சி வீட்டில் இருக்கிறது. செய்யத் தெரியாமல் இல்லை. திறக்கப்போகிற அந்த இன்னொரு ஆளை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

கிரெமோனாவின் வயலின் தச்சுக்கலையை 2012ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சந்தோஷம். அங்கே இன்றைக்கும் ஒரு சீடப்பிள்ளை இழைப்புளியின் அடியைத் தேய்த்துத்தான் ஆரம்பிக்கணும், குருணையை ஊறவைத்துத்தான் ஆரம்பிக்கணும்.

உங்கள் ஊரில் பழைய ஆசாரி யாராவது இன்னும் வஜ்ஜிரம் காய்ச்சுகிறாரா? அதற்கு வேறு பேர் உண்டா? வீணைக்கு, தம்புராவுக்கு இப்போது எந்தப் பசை போடுகிறார்கள் என்று விஷயம் தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். வீட்டில் பழைய வயலின் ஓரம் விட்டுக் கிடந்தால், பயப்படாதீர்கள். அது உடையவில்லை, தன் வேலையைத்தான் செய்திருக்கிறது. ஒட்டக் கொடுக்கும்போது மட்டும், எந்தப் பசை என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.